மடிப்பாக்கத்து இட்லியும் கூட்டுறவின் கடமையும்

உழவர் விளைவிக்கும் நெல்லும் நெசவாளர் நெய்யும் துணியும் ஊரை விட்டு வெளியே செல்வது இயல்பு. அவை சென்றால்தான் பணம் திரும்பி வரும். ஆனால், பாடுபட்டுப் படிக்க வைத்த பிள்ளைகள் பட்டம் பெற்றவுடன் ஊரை விட்டுச் சென்றுவிடுகின்றனரே, அதற்கு ஈடாக ஊருக்குத் திரும்பி வருவது யாது? செங்கற்பட்டு, மதுராந்தகம், செய்யூர், திருக்கழுக்குன்றம் ஆகிய பகுதிகளில் உள்ள நம் அங்கத்தினர் பலருடைய உள்ளத்தில் இக்கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. இதற்கு விடை தேடும்போது, நம் பக்கத்து இளைஞர் ஒருவரின் முயற்சியை ஆராய்ந்து பார்ப்பது பயனுடையது எனக் கருதுகிறோம்.

சரத்பாபு ஏழுமலை என்னும் அவ்விளைஞர் மடிப்பாக்கத்தில் வளர்ந்தவர். இன்று சென்னை மாநகராட்சிக்குள் அடங்கிய மடிப்பாக்கம், அவர் சிறுவராயிருந்த 1980களில் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது. ஐந்து மக்களைத் தனியே வளர்த்த அவருடைய தாயார், பள்ளி மதிய உணவுத் திட்டத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்துக்கு உழைத்தார். அவ்வூதியம் போதாமையால் காலையில் இட்லி அவித்து விற்றார். மாலையில் முதியோர் கல்வி வகுப்பும் நடத்தினார். மகனும் குடிசைப் பகுதியில் இட்லி விற்றுத் தாயாருக்குத் துணை நின்றார். பள்ளிச் சம்பளத்துக்கு வழி தேடி, கோடை விடுமுறையில் புத்தகம் கட்டும் தொழிலைக் கற்று, மற்றச் சிறுவர்களையும் சேர்த்துக்கொண்டு வேலை எடுத்துச் செய்தார்.

பின்னர் அவருக்குப் பிலானியிலுள்ள பிர்லா தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் இடம் கிடைத்தது. முதற் கட்டணத்துக்காகக் குடும்பத்து நகைகள் அடகுக்குச் சென்றன. நம் சங்கங்களில் நகைக்கடன் பெற்றுப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய அங்கத்தினருக்கு இதன் பாரத்தை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இரசாயனப் பொறியியல் கற்று, சில காலம் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரிந்து, அதன்பின் ஆமதாபாத்திலுள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே மாணவராக இருந்தபோதே, பிறரிடம் வேலை பெறுவதைவிட எளியவர்க்கு வேலை தரும் தொழிலே தமக்கு உகந்தது என்று முடிவு செய்தார். அதற்கு அவர் தேர்ந்தது உணவுத் தொழில். சிறுவயது முதல் அறிந்த தொழிலும் அதுவே.

2006ஆம் ஆண்டில் படிப்பு முடிந்ததும், நல்ல ஊதியம் தரும் வேலைகளை மறுத்துவிட்டு, ‘புட்கிங்’ என்ற உணவு நிறுவனத்தை ஆமதாபாத்தில் நிறுவினார். இன்போசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான நாராயண மூர்த்தி அதனைத் தொடங்கி வைத்தார். அலுவலகங்களுக்குத் தேநீரும் சிற்றுண்டியும் வழங்குவதே முதற் பணி. பத்திரிகைகள் பாராட்டின, ஆனால் பெட்டியில் பணம் சேரவில்லை. நாள்தோறும் நஷ்டம் ஏற்பட்டது. 2007ஆம் ஆண்டில், தாம் பயின்ற பிலானிக் கல்லூரியிலேயே உணவகம் நடத்தும் வாய்ப்புக் கிடைத்த பின்னரே தொழில் நிலைபெற்றது.

மேலாண்மைக் கல்வியின் உச்சியைத் தொட்டவருக்கே முதல் ஆண்டு நஷ்டம் வந்தது என்பதை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். உணவுத் தொழிலின் இயல்பு அத்தகையது. துணி இன்று விற்காவிடில் நாளை விற்கும். சோறு இன்று விற்காவிடில் நாளைக்கு அது பண்டமே அன்று.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு சாப்பாட்டின் அடக்கம் 40 ரூபாய், விற்பனை விலை 48 ரூபாய் என்று கொள்வோம். சாப்பாடு ஒன்றுக்கு 8 ரூபாய் லாபம் என்று தோன்றும். நூறு சாப்பாடு சமைத்து எண்பது மட்டும் விற்றால், செலவு 4,000 ரூபாய். வரவு 3,840 ரூபாய். நஷ்டம் 160 ரூபாய். அதே எண்பது பேருக்கு எண்பத்தைந்து சாப்பாடு மட்டும் சமைத்தால், செலவு 3,400 ரூபாயாகக் குறைந்து, 440 ரூபாய் மிஞ்சும். விலையைக் கூட்டவில்லை, உழவருக்குத் தர வேண்டியதைக் குறைக்கவுமில்லை. வீணாவதைத் தடுத்ததே லாபமாயிற்று.

இன்று உலகெங்கும் பேசப்படும் ‘நீடித்து நிலைக்கும் உணவுத் தொழில்’ என்பதன் முதற் பாடம் இதுவே. 2022ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்று ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டுள்ளது. அதில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் உணவகங்களிலும் அவை போன்ற இடங்களிலும் வீணானது. அவ்வுணவோடு சேர்ந்து உழவரின் உழைப்பும் ஏரித் தண்ணீரும் வீணாயின.

இனி நம் பகுதியை நோக்குவோம். பழைய மாமல்லபுரம் சாலையின் இருமருங்கிலும் கல்லூரிகளும் மென்பொருள் நிறுவனங்களும் எழுந்துள்ளன. 1984ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பெற்ற மாமல்லபுரத்துக்கு நாள்தோறும் பயணிகள் வருகின்றனர். உண்போர் இங்கேயே இருக்கின்றனர். நெல், வேர்க்கடலை, காய்கறி விளைவிப்போரும், கடலோரத்தில் மீன் பிடிப்போரும் இங்கேயே இருக்கின்றனர். முட்டுக்காட்டில் உள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் கொடுவா மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையை வகுத்துத் தந்துள்ளனர். குறைவாக இருப்பது விளைச்சலையும் உண்போரையும் இணைக்கும் கைகளே. அக்கைகள் நம் வீட்டுப் பிள்ளைகளுடையனவாக இருத்தல் ஆகாதா?

ஆகும், ஆனால் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டால் ஆகாது. சரத்பாபு தாங்கிய முதல் ஆண்டு நஷ்டத்தைத் தாங்கும் வலிமை எல்லாருக்கும் இராது. ஒரு வீட்டின் நகை ஒருமுறைதான் அடகுக்குப் போகலாம். ஒருவர் தோளில் விழும் பாரத்தைப் பலர் தோளில் பகிர்வதற்கே கூட்டுறவு தோன்றியது. 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் முதன்முதலாக அமைந்த சங்கங்களுள், அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திரூர்ச் சங்கமும் காஞ்சிபுரம் நகர வங்கியும் இடம்பெற்றன. அந்த மரபுக்கு உரியவர்கள் நாம்.

ஆதலின் சில யோசனைகளைச் சங்கங்களின் முன் வைக்கிறோம். முதலாவது, உணவுத் தொழில் தொடங்கும் மாணவருக்குச் சங்கம் சிறு தொகையையே கடனாகத் தருக. ஆனால் தவணையை முதல் மாதத்திலேயே கேளாதிருக்க. அதற்கு ஈடாக, நாள்தோறும் சமைத்தது எவ்வளவு, விற்றது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு என்னும் கணக்கை வாரந்தோறும் சங்கத்தில் காட்டுமாறு விதிக்கலாம். அக்கணக்கே சிறந்த ஜாமீன்.

இரண்டாவது, காயும் தானியமும் பருவந்தோறும் முன்கூட்டியே பேசிய விலைக்குச் சங்கத்தின் வழியாக வழங்கப்பெறுக. சந்தையில் விலை வீழும்போது உழவர் தப்புவர். விலை ஏறும்போது சமையற்கூடம் தப்பும். பருவத்தில் விளைவதையே சமைப்பது என்ற கட்டுப்பாட்டை இளைஞரும் ஏற்க வேண்டும்.

மூன்றாவது, நெசவாளரை மறத்தல் கூடாது. இட்லித் தட்டில் விரிக்கும் துணி, கைத்துண்டு, பண்டம் கொண்டு செல்லும் பை ஆகிய யாவும் தறியிலிருந்து வரக்கூடியவை. துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தும் துணி இருக்க, ஒருமுறை பயன்பட்டுக் கடற்கரையில் குப்பையாகும் பிளாஸ்டிக்குக்கு நம் சமையற்கூடத்தில் என்ன வேலை?

கடன் திரும்பி வராவிடில் என்ன செய்வது என்று சில அங்கத்தினர் ஐயுறலாம். அவ்வையம் நியாயமானதே, சங்கத்தின் பணம் பலருடைய வியர்வை. ஆகவேதான் சிறு தொகை, வாரக் கணக்கு, கட்டுப்பாடு ஆகியவற்றை வற்புறுத்துகிறோம். ஆயினும், சங்கப் பணத்தைப் பூட்டி வைத்துப் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்புவதிலும் நஷ்டம் உண்டு. அது பேரேட்டில் ஏறாத நஷ்டம்.

மடிப்பாக்கத்துத் தாயார் ஒருவர் விடியற்காலையில் மூட்டிய அடுப்பு, மகனைப் பெருங்கல்விக்கு அனுப்பியது. மகனோ அடுப்பையே தொழிலாக ஏற்றுப் பலருக்கு வேலை தந்தார். நம் சங்கக் கிராமங்களிலும் அத்தகைய அடுப்புகள் எரிகின்றன. அவற்றின் அருகே அமர்ந்து படிக்கும் பிள்ளைகள் யாவர் என்பதை ஒவ்வொரு சங்கமும் இவ்வாண்டு கணக்கெடுத்து, அடுத்த பொதுக் கூட்டத்தில் அவர்களை அழைத்துப் பேசுமாறு வேண்டுகிறோம்.