புற்றுநோய் அசதிக்கு நடை எப்படி மருந்தாகிறது?

புற்றுநோய்ச் சிகிச்சையின்போது வரும் அசதி தூங்கி எழுந்தாலும் தீராது. அழற்சி, ரத்தசோகை, தசை இழப்பு எல்லாம் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. வீட்டார் அன்போடு “படுத்திரு” என்பார்கள். ஆனால் படுத்தே கிடந்தால் தசை மேலும் கரையும், குளியலறைவரை போகவே மூச்சு வாங்கும். நடந்தால் தசை செல்களில் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பெருகும். இதயம் ஒரு துடிப்பில் கூடுதல் ரத்தம் அனுப்பப் பழகும். வாரம் 3 நாள், 30 நிமிட மிதமான நடை நல்ல இலக்கு. பேச முடியும், பாட முடியாது என்பதே மிதமான வேகம். முடியாதவர்கள் 5 நிமிடத்தில் தொடங்கலாம்.

பயிற்சியின் பயன் அசதியோடு நிற்பதில்லை. பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோதெரபி முடித்தவர்களிடம் நடந்த ஆய்வு 2025இல் வெளியானது. 3 ஆண்டுப் பயிற்சித் திட்டத்தில் இருந்தோரில் சுமார் 80 சதவீதத்தினர் 5 ஆண்டுகள் நோயின்றி வாழ்ந்தனர். அறிவுரைக் கையேடு மட்டும் பெற்றவர்களில் இது 74 சதவீதம். ஆனால் காய்ச்சல், ரத்தத் தட்டணுக் குறைவு, எலும்பில் பரவிய நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்ட பிறகே பயிற்சி.