புது விண்டோஸ் ஏற்றினால் கம்ப்யூட்டர் மக்கர் செய்வது ஏன்?

கோவில்பட்டி, வானம் பார்த்த கரிசல் பூமி. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர் பெற்ற ஊர்.

இன்று தீப்பெட்டி ஆபீசிலும் கம்ப்யூட்டர்தான், மிட்டாய்க் கடையிலும் கம்ப்யூட்டர்தான். 2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வரி வந்த பிறகு, பில் போடுவதும் கணக்குக் கொடுப்பதும் அதில்தான். பயிர் இன்சூரன்சுக்கு விவசாயி போய் நிற்பதும் கம்ப்யூட்டர் முன்புதான்.

அது ஒரு நாள் படுத்துவிட்டால்? சரக்கு ஏற்றிய லாரி பில் இல்லாமல் நிற்கும். இன்சூரன்சுக்குக் கடைசி நாள் தவறிவிடும்!

மாற்றுவது எதற்கு?

கம்ப்யூட்டரின் எல்லா உறுப்புகளையும் ஆட்டி வைப்பது இயக்க மென்பொருள். விண்டோஸ் அதில் ஒரு வகை. விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு உதவியை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்திவிட்டது.

"ஓடுகிற வரை ஓடட்டும்" என்று விடலாமா? கூடாது. 2017 மே மாதம் "வான்னாக்ரை" என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே திணறின. இத்தனைக்கும், அதைத் தடுக்கும் திருத்தம் மார்ச் மாதமே வந்திருந்தது. அதைப் போடாதவர்களே மாட்டினார்கள்.

முதலில் விதை!

கரிசல் விவசாயி விதையை எடுத்து வைத்துவிட்டுத்தான் மிச்சத்தில் கை வைப்பார். கம்ப்யூட்டருக்கும் அதே விதிதான்.

கணக்கு, கடிதம், போட்டோ எல்லாவற்றையும் பென் டிரைவிலோ தனி ஹார்டு டிஸ்கிலோ நகல் எடுக்க வேண்டும். எடுத்தால் மட்டும் போதாது. வேறு கம்ப்யூட்டரில் அதைத் திறந்து பார்க்க வேண்டும்.

நாளும் பார்க்க வேண்டும். மாதக் கணக்குக் கொடுக்கும் 20-ந் தேதி நெருங்கும்போது இந்த வேலை வேண்டாம்!

பாதியில் நின்றால்...

இடம் போதாததும் ஒரு காரணமாக இருக்கலாம். விண்டோஸ் 11-க்கு 64 ஜி.பி. சேமிப்பு இடமும் 4 ஜி.பி. நினைவகமும் வேண்டும். "டி.பி.எம். 2.0" என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். "பி.சி. ஹெல்த் செக்" என்ற இலவச மென்பொருள், கம்ப்யூட்டர் தாங்குமா என்று சொல்லிவிடும்.

தாங்காவிட்டால் லினக்ஸ் இருக்கிறது. அது இலவசம். 2014-ல் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு உதவி நின்றபோது, தமிழ்நாடு அரசு தன் அலுவலகங்களுக்கு "பாஸ்" என்ற இந்திய லினக்சைச் சிபாரிசு செய்தது. ஆனால் பில் போடும் மென்பொருள் அதில் ஓடுமா என்று விற்றவரிடம் முதலில் கேட்க வேண்டும்.

மின்சாரம் போனாலும் வேலை கெடும். யு.பி.எஸ். அவசியம். திரை சிறிது நேரம் கறுத்தால் பயந்து சுவிட்சை அணைக்கக் கூடாது. அது தானே அணைந்து எழும்.

பிரிண்டர் அடிக்கவில்லையா? பிரிண்டர் கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை. அதை இயக்கும் "டிரைவர்" என்ற சிறு மென்பொருள் பழசாகியிருக்கலாம். பிரிண்டர் கம்பெனியின் இணையதளத்தில் புதியதை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம்.

தமிழ் எங்கே போயிற்று?

பலரை அதிர வைப்பது இதுதான். பழைய கடிதத்தைத் திறந்தால், தமிழுக்குப் பதில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்!

கடிதம் அழியவில்லை. அந்தக் காலத்து எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை உட்கார வைத்தவை. புது கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லாததால் ஆங்கிலம் தெரிகிறது. அதே எழுத்துருவை மறுபடி ஏற்றினால் தமிழ் திரும்பிவிடும். பிறகு யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. யூனிகோடு எழுத்து இன்றைய கம்ப்யூட்டர்களில் பொதுவாகத் தமிழாகவே தெரியும்.

திரும்பி வர வழி

என்ன செய்தும் சரிப்படவில்லையா? விண்டோஸ் 10-ல் இருந்து 11-க்கு மேம்படுத்தியவர்கள், பொதுவாக 10 நாட்களுக்குள் பழையதற்கே திரும்பலாம். அதுவரை "விண்டோஸ் ஓல்டு" என்ற பெட்டியை அழிக்கக் கூடாது.

விதை கையில் இருந்தால், ஒரு மழை பொய்த்தாலும் மறு மழைக்கு விதைக்கலாம். நகல் கையில் இருந்தால், கம்ப்யூட்டர் படுத்தாலும் தொழில் படுக்காது!