புள்ளிவிவரப் பெருந்தொகுதியும் அதைத் தாங்கும் வட்டுகளும்

கல்கத்தாவின் வடபுறத்திலுள்ள பாராநகரில் இயங்கும் இந்தியப் புள்ளியியல் ஸ்தாபனத்துக்கு, 1955-ஆம் ஆண்டில் பிரிட்டனிலிருந்து எச்.இ.சி.-2எம் என்னும் மின்னணுக் கணிப்பொறி தருவிக்கப்பட்டது. இந்நாட்டில் நிறுவப்பட்ட முதல் டிஜிட்டல் கணிப்பொறி அதுவே எனக் கருதப்படுகிறது. அதன் நினைவகம் சுழலும் காந்த உருளை ஒன்றாகும். அதில் அடங்கக்கூடியவை 1,024 சொற்கள் மட்டுமே. ‘சொல்’ என்பது இங்கு, பொறி ஒரு தடவையில் கையாளும் எண்ணைக் குறிக்கும். 1950-ல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வின் விவரங்களைத் தொகுக்கும் பெரும்பணியும் அதே ஸ்தாபனத்தின் பொறுப்பில்தான் இருந்தது. கிராமந்தோறும் திரட்டப்பட்ட குடும்ப விவரங்கள் துளையிட்ட அட்டைகளாக அங்கே குவிந்தன.

காந்த உருளையில் ஓர் இடர் உண்டு. வேண்டிய எண், படிக்கும் முனையைத் தாண்டிச் சென்றுவிட்டால், உருளை மீண்டும் ஒரு சுற்றுச் சுற்றி வரும்வரை பொறி காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும் உருளையில் ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி ஆகிறது; சராசரியாகப் பார்த்தால் 10 மில்லி விநாடி வீணே கழிகிறது. கூட்டலும் பெருக்கலும் அதைவிட விரைவில் முடிந்துவிடக்கூடும். ஆகவே உருளைப் பொறிகளுக்கு நிரல் எழுதியவர்கள், ஒரு கணக்கு முடியும் தருணத்தில் அடுத்த எண் முனையின்கீழ் வந்து சேருமாறு எண்களை இடம் பார்த்து வைக்கும் முறையைக் கையாண்டனர். பெரிய தொகுதியின் வேகத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் கணக்கிடும் ஆற்றலன்று. பொருள் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, எந்த வரிசையில் எடுக்கப்படுகிறது என்பதே.

இந்த உண்மை இன்றைய சர்வர்களுக்கும் பொருந்துகிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் சராசரிக் காத்திருப்பு சுமார் 4 மில்லி விநாடி. முனையைத் தாங்கும் கை உரிய தடத்துக்கு நகர மேலும் 8 மில்லி விநாடி எனக் கொண்டால், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் பதிவுகளில் விநாடிக்குச் சுமார் 80-ஐ மட்டுமே எடுக்க இயலும். பத்து இலட்சம் பதிவுகளை இவ்வாறு எடுக்க ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் செல்லும். அதே பதிவுகள், ஒவ்வொன்றும் 200 பைட் அளவினவாய், தொடர்ச்சியாக அடுக்கப்பட்டிருந்தால், விநாடிக்கு 100 மெகாபைட் படிக்கும் வட்டுக்கு இரண்டே விநாடி போதும். அட்டைகளை மாவட்ட வாரியாகப் பிரித்து அடுக்கிய பின்னரே எண்ணும் பொறியில் செலுத்திய பழைய எழுத்தர்களுக்கு இது வியப்பளித்திராது.

ஒரு வட்டுப் போதாதபோது பல வட்டுகளை இணைக்கின்றனர். ரெய்டு எனப்படும் இவ்விணைப்பில் இரு வகைகள் கருதத்தக்கவை. ரெய்டு-10 முறையில் ஒவ்வொரு பதிவும் இரு வட்டுகளில் எழுதப்படுகிறது. ரெய்டு-5 முறையிலோ முழுப் பிரதிக்குப் பதிலாக ஒரு சரிபார்ப்பு எண் மட்டும் வைக்கப்படுகிறது, இடம் மிச்சமாகும். ஆனால் சிறு மாற்றம் ஒன்றைச் செய்யப் பழைய பதிவையும் பழைய சரிபார்ப்பு எண்ணையும் படித்து, புதியன இரண்டையும் எழுத வேண்டும். ஆக, நான்கு செயல்கள். விநாடிக்கு 80 செயல் செய்யும் வட்டுகள் எட்டு இருப்பின், ரெய்டு-5 முறையில் விநாடிக்கு 160 மாற்றங்களும் ரெய்டு-10 முறையில் 320 மாற்றங்களும் இயலும். ஒருமுறை எழுதிப் பலமுறை படிக்கும் பழைய ஆய்வுத் தொகுதிகளுக்கு ரெய்டு-5 தகும். களப்பணியாளர்களின் கையடக்கக் கருவிகளிலிருந்து நாள் முழுதும் பதிவுகள் வந்து குவியும் சர்வருக்கு அதைத் தேர்ந்தெடுப்பது தவறான சிக்கனம்.

டேட்டாபேஸ், மாற்றங்களை முதலில் லாக் என்னும் நாட்குறிப்பில் வரிசையாக எழுதிக்கொள்கிறது. அந்நாட்குறிப்பும் பிரதானத் தொகுதியும் ஒரே வட்டில் இருந்தால், முனை இரண்டுக்குமிடையே ஓயாது அலையும். ஆதலால் சுழலும் வட்டுகளில் நாட்குறிப்புக்குத் தனி வட்டு ஒதுக்குவது நலம். வட்டில் எழுதப்படுமுன் செய்தியைச் சிறிது நேரம் தாங்கும் கேஷ் நினைவகம் வேகத்தைக் கூட்டும். ஆயினும் அதற்குப் பாட்டரித் துணை இல்லையேல், மின்சாரம் தடைப்படும்போது, எழுதியாயிற்று என்று அறிவிக்கப்பட்ட பதிவுகளே மறைந்துபோகலாம்.

நகரும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி. சாதனங்கள் இக்காத்திருப்பைப் பெரிதும் ஒழித்துவிட்டன. சிதறிய பதிவுகளையும் அவை விநாடிக்குப் பல்லாயிரக்கணக்கில் படிக்கின்றன. எனினும் அவற்றினும் விரைவானது சர்வரின் உள் நினைவகம். அடிக்கடி தேவைப்படும் இண்டெக்ஸ்களும் பட்டியல்களும் அதில் அடங்குமாயின், வட்டை நாடும் தேவையே குறைந்துவிடும். பணம் சிறிதே உள்ள அலுவலகம் முதலில் நினைவகத்தைப் பெருக்குவதே உசிதம்.

ரெய்டு அமைப்பு வட்டுப் பழுதிலிருந்து காக்குமேயன்றி, தவறான கட்டளையால் அழிந்த பதிவை மீட்டுத் தராது. அழிவும் இரு வட்டுகளிலும் ஒருங்கே எழுதப்பட்டுவிடும். மாதிரி ஆய்வில் இதன் விளைவு கடுமையானது. கடந்த 30 நாட்களில் உண்டது எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு எனக் கேட்டுப் பெற்ற விடையை, ஆறு மாதம் கழித்து அதே வீட்டுக்குச் சென்றாலும் மீண்டும் பெற முடியாது. எனவே வேறொரு கட்டடத்தில் தனிப் பிரதி வைப்பதோடு, அப்பிரதியிலிருந்து முழுத் தொகுதியையும் வேறொரு சர்வரில் அவ்வப்போது மீட்டமைத்து, பதிவுகளின் எண்ணிக்கை மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று சரிபார்க்கவும் வேண்டும்.