‘ஏழெட்டு’ எங்கே இருக்கிறது?

‘ஏழெட்டு?’ என்று கேட்டால் பலருக்கு ‘ஐம்பத்தாறு’ என்று நாக்கே பதில் சொல்லிவிடும். ‘ஐம்பத்தாறில் பதினெட்டு போனால்?’ என்றால் ஒரு கணம் நின்றுதான் விடை வரும். இரண்டும் கணக்குதான். ஆனால் மூளை இந்த இரண்டையும் ஒரே வழியில் போடுவதில்லை.

இது தெரியவந்தது மூளை பாதிக்கப்பட்ட நோயாளிகளால். பிரான்சைச் சேர்ந்த ஸ்தனிஸ்லாஸ் தெஹேனும் லோரன் கோஹெனும் 1991-இல் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். இடப்பக்க மூளையில் கடும் சேதம். இரண்டும் இரண்டும் மூன்று என்றார் அவர். வருடத்துக்குச் சுமார் 350 நாள், ஒரு மணிக்குச் சுமார் 50 நிமிடம் என்றார். ஆனால் விடை வெகுவாக விலகியிருந்தால் தவறு என்று உடனே சொல்லிவிடுவார். துல்லியம் போயிருந்தது, அளவைப் பற்றிய உணர்வு போகவில்லை.

1997-இல் அதே இருவர் விவரித்த இரண்டு நோயாளிகள் இன்னும் முக்கியமானவர்கள். ஒருவருக்கு வாய்ப்பாடு மறந்துபோனது. கூடவே மனப்பாடமாக இருந்த பிரார்த்தனையும் அகரவரிசையும் தடுமாறின. கழித்தல் ஓரளவு வந்தது. மற்றவருக்கோ நேரெதிர். வாய்ப்பாடு வந்தது. கழித்தலிலும், இரண்டு எண்களுக்கு நடுவில் எது என்ற எளிய கேள்வியிலும் திணறினார். அதாவது வாய்ப்பாடு, பாட்டைப் போல, சொல்லாகவே மனத்தில் தங்குகிறது. அளவை உணர்வது வேறு வேலை. தலையின் மேற்புறத்தில், சற்றுப் பின்னால், இருபக்கமும் ஓடும் ஒரு மடிப்பு அதில் பெரும்பங்கு வகிக்கிறது.

அப்படியானால் பேச்சே போய்விட்டால் கணக்கும் போய்விடுமா? 2005-இல் இங்கிலாந்தின் ரோஸ்மேரி வார்லி குழுவினர் மொழித்திறனைப் பெரிதும் இழந்த மூன்று பேரைச் சோதித்தார்கள். யார் யாரைக் கொன்றார் என்று வாக்கியத்தில் சொற்களை இடம் மாற்றினால் அவர்களுக்குப் புரியவில்லை. எண்களை இடம் மாற்றினால் புரிந்தது: 59-இலிருந்து 13-ஐக் கழிப்பதும், 13-இலிருந்து 59-ஐக் கழிப்பதும் வேறு என்று தெரிந்து, இரண்டையும் போட்டார்கள்.

இதையெல்லாம் படிக்கும்போது, வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரியாததால் ‘மக்கு’ என்று பெயர் வாங்கும் பிள்ளைகள்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள். வாய்ப்பாடு தேவைதான், நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் ஒப்பிக்கத் தெரியாத பிள்ளைக்கு அளவு புரியவில்லை என்று முடிவுகட்டுவது அநியாயம். அந்தப் பெயரோடு பயமும் சேர்ந்துகொள்கிறது. கணக்கென்றாலே நடுங்கும் 7 முதல் 9 வயதுப் பிள்ளைகள் கணக்குப் போடும்போது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதி கூடுதலாகத் துடிப்பதை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2012-இல் ஸ்கேனில் கண்டார்கள். 2015-இல் அதே குழுவினர், இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எட்டு வாரம் ஒருவருக்கு ஒருவராக உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். பயந்த பிள்ளைகளின் பயம் குறைந்திருந்தது. யாருக்கு அதிகம் குறைந்ததோ, அவர்களுடைய அமிக்டலாவும் அந்த அளவுக்கு அடங்கியிருந்தது.