மோட்டார் சைக்கிளுக்கு வீதியில் இடமுண்டா?

பெருவீதியில் மோட்டார் சைக்கிளில் சென்ற இளைஞன் ஒருவன் பலியானால், "இந்தச் சாமானை றோட்டிலே விடவே கூடாது" என்று செத்தவீட்டிலேயே பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சில் நியாயம் இல்லாமலில்லை. காரில் போகிறவரைச் சுற்றி இரும்புக் கூடு இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு எதுவுமில்லை. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வந்து மதிலில் மோதுவது, ஏறத்தாழ 10 மீற்றர் உயரமான பனையிலிருந்து விழுவதற்குச் சமம். 30 கிலோமீற்றர் வேகமென்றால் அந்த உயரம் மூன்றரை மீற்றர்தான். அதுவே 60 ஆனால் 14 மீற்றர். வேகம் இரு மடங்கானால் அடி நான்கு மடங்காகிறது.

தடை செய்து பார்த்த இடங்களும் உண்டு. மியன்மாரின் யாங்கோன் நகரில் 2003 இலும், சீனாவின் குவாங்சோ நகரில் 2007 இலும் தடை வந்தது. நமது நாட்டிலும், 2011 இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேகப் பாதை உட்பட எந்த அதிவேகப் பாதையிலும் மோட்டார் சைக்கிள் ஏற முடியாது. அதில் எமக்கு மறுப்பில்லை. பக்கத்தில் பழைய காலி வீதி இருக்கிறது. ஆனால் பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் தடை போட்டால் கமக்காரன் எதனால் போவான்?

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது வெறும் வசதி பற்றிய கேள்வியல்ல. குடியிருப்பது ஓரிடம், வயல் இன்னோரிடம். விடியப்புறம் தண்ணீர் மாறவும், மருந்தடிக்கவும், பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடவும் பஸ்ஸை நம்பியிருக்க முடியுமா? 2022 இல் எரிபொருள் பங்கீடு தொடங்கியபோது காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. அந்த நாலு லீற்றரிலும் வயலுக்குப் போய்வந்தவர்கள் நாம். (மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தையும் பலர் மறந்திருக்கமாட்டார்கள்.)

எனவே தடை வேண்டாம் என்பதே எமது கருத்து. ஆனால் சாவைக் குறைக்கும் வழிகளில் சில நமது கையிலும் இருக்கின்றன.

தலைக்கவசம் மரண ஆபத்தை ஏறத்தாழ 42 வீதமும் தலைக்காயத்தை 69 வீதமும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். நாடிப்பட்டியைப் பூட்டினால்தான் இந்தப் பயன். பொலிசாரைக் கண்டதும் தலையில் கவிழ்ப்பது விழும்போது முதலில் கழன்று போகும். பின்னால் இருப்பவரும் அணியவேண்டும் என்பது சட்டம். வயலுக்குப் போகும் குறுந்தூரத்துக்கும் அதே சட்டந்தான்.

அடுத்தது சிலருக்குக் கசக்கும். அறுவடைக் காலத்தில் தார் வீதியின் அரைவாசியில் நெல் காய்கிறது. நெல்லை மிதியாதிருக்கக் கல்லும் கட்டையும் வைத்துவிடுகிறோம். ஓரமாக வந்த மோட்டார் சைக்கிள் நடு வீதிக்கு, லொறியின் முன்னால் தள்ளப்படுகிறது. இரவானால் அந்தக் கல் கண்ணுக்குத் தெரியாது. தார்ச் சூட்டிலே படுத்திருக்கும் மாடும் அப்படித்தான். எல்லாவற்றிலும் மோசமானது, பின்விளக்கில்லாமல் நெல் மூட்டையோடு ஊர்ந்து போகும் லான்ட்மாஸ்டர் பெட்டி. 60 இல் வருகிறவர் ஒரு செக்கனுக்கு 17 மீற்றர் போய்விடுகிறார். பெட்டியைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள் அந்தத் தூரம் முடிந்துவிடும். பெட்டியின் பின்பலகையில் ஒளி தெறிக்கும் சிவப்பு ஒட்டி இரண்டை ஒட்டப் பெரிய செலவில்லை. மாட்டை இரவில் பட்டியில் அடைக்கச் செலவேயில்லை.

நெல்லுக்கு மட்டும் வேறு இடம் வேண்டும். தளம் இல்லாதவரிடம் "வீதியில் போடாதே" என்றால் அவர் எங்கே போடுவார்? ஊருக்கொரு சீமெந்துத் தளம் கேட்டுக் கமக்காரர் அமைப்பு எழுத வேண்டும். கோயில் வளவு, பாடசாலை முற்றம் என்று தற்காலிக இடமும் பார்க்கலாம். காலபோக அறுவடை தை, மாசியில் வந்துவிடும். அதற்கு முன்னரே கடிதம் கமநல சேவை நிலையத்துக்குப் போய்ச் சேரட்டும்.