வரி இறுக்காதார்க்கும் வரிப்பணம்

வருமான வரி என்றதும் அரசாங்கம் நம்மிடமிருந்து பெறுவதையே நினைக்கின்றோம். அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ, வரி இறுக்கவேண்டாத ஏழை உழைப்பாளிக்கும் இறைவரித் திணைக்களம் பணம் கொடுப்பதுண்டு. ஜெரால்ட் போர்ட் ஜனாதிபதியாயிருந்த 1975 ஆம் ஆண்டிலே, பிள்ளைகளையுடைய குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்காக இச்சலுகை ஏற்பட்டது. அன்று அதன் உச்சவரம்பு 400 டொலர்.

சாதாரண வரிச்சலுகை, இறுக்கவேண்டிய வரியைக் குறைப்பதோடு நின்றுவிடும். வரி பூச்சியமானபின் எஞ்சிய சலுகையாற் பயனில்லை. இஃது அவ்வாறன்று. ஒருவருக்குரிய சலுகை 2,000 டொலர், வரி 300 டொலர் என வைத்துக்கொள்வோம். வரி தீர்ந்து, எஞ்சிய 1,700 டொலரும் காசாகவே அவர் கையிற் சேரும். கீழ்வகுப்பு மாணவனுக்கும் விளங்கும் கழித்தற் கணக்கு!

ஆனால், வருமான விவரத்திரட்டு அனுப்பாதவருக்கு ஒரு சதமுமில்லை. "நமக்குத்தான் வரியில்லையே, பத்திரம் எதற்கு?" என்று வாளாவிருந்து இழப்போர் பலர். உரியவருள் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் இதனைக் கோருவதில்லையென அத்திணைக்களமே கணித்துள்ளது. வீட்டு வாடகையும் பிள்ளையின் சப்பாத்தும் அந்த ஒரு பத்திரத்திலே அடங்கியிருத்தல் கூடும். கேளாமலே கொடுத்தலன்றோ முறை என எனக்குத் தோன்றுகின்றது. சட்டமோ கேட்டாலன்றிக் கொடாது. காலந்தவறியோர்க்கும் ஓர் ஆறுதலுண்டு. அனுப்பவேண்டிய இறுதி நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் அனுப்பினாலும் பணம் கிடைக்கும். அதன்பின் அது திறைசேரிக்கே உரியது.