உங்களுக்குத் தெரியுமா? கூடூ மானுக்கு எத்தனை ஜூல்?

★ யானை, காண்டாமிருகம், எருமை, சிங்கம், சிறுத்தை ஆகிய ஐந்தையும் ஆப்பிரிக்க வேட்டைக்காரர்கள் தனிக் கணக்கில் வைப்பார்கள். இம்பாலா, கூடூ, வைல்டபீஸ்ட், வரிக்குதிரை போன்ற குளம்புக் கூட்டமெல்லாம் ‘பிளெயின்ஸ் கேம்’. இதில் ஸ்பிரிங்பாக் மான் சுமார் 40 கிலோதான்; ஆண் எலாண்டோ 900 கிலோவை எட்டும். இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி என்றால் எதை எடுப்பது? சண்டை அங்கேதான் ஆரம்பம்.

★ நமீபியாவில் சட்டமே கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுகிறது. குழல் வாயை விட்டுக் கிளம்பும்போது குண்டுக்கு இருக்கவேண்டிய ஆற்றல்: ஸ்பிரிங்பாக்குக்கு 1,350 ஜூல், கூடூவுக்கு 2,700, எருமைக்கும் யானைக்கும் 5,400. நம்மூர்ப் போலீஸ்காரர் தோளில் பல காலம் தொங்கிய ‘த்ரீ நாட் த்ரீ’ சுமார் 3,000 ஜூல் தரும். ஆற்றல் கணக்கில் கூடூவுக்கு அதுவே போதும்!

★ பிறகு ஏன் பெரிய ரைபிளைச் சுமக்கிறார்கள்? அதே பயணத்தில் எருமையும் வேண்டும் என்பவர்கள் உண்டே. லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 1912-ல் கொண்டுவந்த .375 மேக்னம் அவர்களுக்கு வசதி. ஆபத்தான விலங்குக்குப் பல நாடுகளில் இன்றும் இதுதான் குறைந்தபட்ச அளவு. மானுக்கு 270 கிரெயின் குண்டு, எருமைக்கு 300 கிரெயின் என்று மாற்றிக்கொள்ளலாம். 300 கிரெயின் என்றால் 19 கிராமுக்குச் சற்று மேல்.

★ ஆனால் கனத்த குண்டு சீக்கிரம் தாழும். .375-ல் 300 கிரெயின் குண்டைப் போட்டு 200 கஜத்துக்குக் குறி சரிசெய்து வைத்தால், 300 கஜத்தில் ஏறக்குறைய ஓர் அடி இறங்கிவிடும். திறந்த வெளியில் நிற்கும் ஸ்பிரிங்பாக்கின் நெஞ்சுக்கு வைத்த குறி, காலில் போய் முடியும்.

★ ஒரு பவுண்டு ஈயத்தை 12 உருண்டையாக்கினால் ‘12 போர்’, நாலே உருண்டையாக்கினால் ‘4 போர்’. எண் குறையக் குறையத் துப்பாக்கி பெரிது. இலங்கை நுவரெலியாவில் குடியிருந்து யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், பிற்பாடு நைல் நதிப் பயணத்துக்கு அரைப் பவுண்டு குண்டு போடும் துப்பாக்கியைக் கொண்டுபோனார். செல்லப் பெயர் ‘பேபி’. சுட்டால் தன்னையே சுழற்றிவிடும் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார்.

★ வெயில் ஏறினால், தோட்டாவில் அடைக்கும் கார்டைட் வெடிமருந்தின் அழுத்தமும் ஏறும். சுட்ட தோட்டாவின் கூடு குழலுக்குள் சிக்கிக்கொள்ள, எதிரே எருமை நின்றால்? அதனால்தான் 1911-ல் வந்த .416 ரிக்பி தோட்டாவுக்கு அவ்வளவு பெரிய கூடு: மருந்துக்கு இடம் தாராளம், அழுத்தம் குறைவு. நீலகிரியின் அருவங்காட்டுத் தொழிற்சாலைக்குப் பெயர் கொடுத்ததும் இதே கார்டைட்தான்.

★ 1907-ல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவுக்குத் தடை போட்டது. அந்த அளவுத் தோட்டாக்கள் கிளர்ச்சிக்காரர்களின் பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்குப் பயன்படும் என்ற பயம். .465, .470 அளவுகள் பரவ இது வழிவிட்டது.

★ ‘கரமோஜோ’ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். பெரும்பாலும் அவர் கையில் இருந்தது 7 மி.மீ. ரைபிள், குண்டின் எடை சுமார் 11 கிராம். யானை மண்டையோட்டை அறுத்து, மூளை இருக்கும் இடத்தைப் பாடமாகப் படித்திருந்தார் அவர். இன்று அந்த அளவு ரைபிளோடு யானை வேட்டைக்குப் போனால் சட்டம் விடாது.

★ முழு உறையிட்ட குண்டு விரியாது. மானைத் துளைத்து வெளியேறி, பின்னால் நிற்பதையும் சாய்க்கும். கூட்டமாக மேய்வனவற்றுக்கு ஆகாது. மென்முனைக் குண்டு விரியும். ஆனால் தோள் எலும்பில் பட்டுச் சிதறவும் கூடும். 1946-ல் கனடாவில் ஒரு மூஸ் மான் தன் குண்டுகளுக்குச் சட்டென்று விழாமல் நின்றதைக் கண்ட ஜான் நோஸ்லர், நடுவில் தடுப்பு வைத்த குண்டைச் செய்து 1948-ல் விற்பனைக்கு விட்டார். முன்பாதி விரியும், பின்பாதி உள்ளே இறங்கும்.

★ .375-ன் உதை, .30-06 ரைபிளைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. தோளில் இடிக்குமே என்ற பயத்தில் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொள்பவர்கள் உண்டு. கையில் பழகிய ரைபிளையே கொண்டுவரச் சொல்லும் வழிகாட்டிகள் அதிகம்.

★ பல ஆப்பிரிக்க மான்களுக்கு இதயமும் நுரையீரலும் முன்னங்காலுக்கு நேர் மேலே, தோளுக்குள் தள்ளி இருக்கும். அமெரிக்காவிலிருந்து வருபவர்கள் ஊர்ப் பழக்கத்தில் தோளுக்குப் பின்னால் குறிவைத்தால், குண்டு வயிற்றில் போகும். அங்கே பட்டால் பெரிய குண்டும் உதவாது.

★ ஆப்பிரிக்கா முழுவதும் வேட்டைக்காடல்ல. கென்யா 1977-லேயே வேட்டையைத் தடைசெய்துவிட்டது.

★ தென்னாப்பிரிக்கா, நமீபியா வேட்டைப் பண்ணைகளில் வழக்கமான விதி: தரையில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தாலே விலங்குக்கான முழுக் கட்டணமும் கட்டவேண்டும். தடம் பார்ப்பவர் இருட்டும்வரை தேடி, கிடைக்காமல் போனாலும் பில் வரும். எத்தனை பெரிய ரைபிளால் சுட்டீர்கள் என்று அதில் கேட்கமாட்டார்கள்.